காலாண்டுக் கணக்கில் வராத பேருந்து

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரியின் மகளிர் தின விழாவில் கவிதை வாசிக்கப் போயிருந்தேன். எனக்கு முன் பேசியவர் சாதித்த பெண்களின் படங்களைத் திரையில் வரிசையாகக் காட்டினார். கடைசிப் படம் மெரிலின் ஹியூசன். 2013 முதல் 2020 வரை, உலகின் மிகப்பெரிய ஆயுத நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டினின் தலைமைச் செயல் அலுவலராக இருந்தவர். "போர் விமானம் செய்யும் கம்பெனியையே ஒரு பெண் நடத்தியிருக்கிறார், உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டார் பேச்சாளர். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹியூசனின் கதை எளிதானதல்ல. ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். ஐந்து பிள்ளைகளையும் தாய் தனியாளாக வளர்த்தார். பொறியாளராக அதே நிறுவனத்தில் சேர்ந்து, ஆண்கள் நிறைந்த துறையில் முப்பது ஆண்டுகளில் உச்சிக்கு ஏறினார். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் ஏறிய உச்சியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றுதான் அந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவுகளைத் தேடிப் படித்தேன். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் பொதுவில் வைத்தாக வேண்டும்.

2018 செப்டம்பர் 30-இல் முடிந்த காலாண்டை எடுத்துக்கொள்கிறேன். நிகர விற்பனை 1,430 கோடி டாலர். நிகர லாபம் சுமார் 150 கோடி டாலர். பங்கு ஒன்றுக்கு 5 டாலர் 14 சென்ட். முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட எல்லாமே கூடுதல். ஈவுத்தொகையும் பத்து சதவீதம் உயர்ந்து, பங்குக்கு 2 டாலர் 20 சென்ட் ஆனது. விமானம், ஏவுகணை, ஹெலிகாப்டர், விண்வெளி என்று பிரிவு பிரிவாகக் கணக்கு. அட்டவணைகள் அவ்வளவு சுத்தமாக இருந்தன.

அதே காலாண்டில், ஆகஸ்ட் 9 அன்று, ஏமனின் சஅதா மாகாணத்தில் தஹ்யான் என்ற ஊரின் சந்தையில் ஒரு பேருந்து நின்றது. உள்ளே சுற்றுலா கிளம்பிய சிறுவர்கள். சவூதி தலைமையிலான கூட்டுப்படையின் விமானம் அதன்மேல் குண்டு போட்டது. செஞ்சிலுவைச் சங்கம் தந்த கணக்கின்படி இறந்தவர்கள் 51 பேர். அவர்களில் 40 பேர் குழந்தைகள். யூனிசெஃப் கொடுத்த நீல நிறப் புத்தகப்பைகள் ரத்தத்தோடு கிடந்த படங்களை உலகம் பார்த்தது. கிடைத்த சிதறல்களில் இருந்த எண்களை ஆயுத வல்லுநர்களைக் கொண்டு ஆராய்ந்த சி.என்.என்., அது எம்.கே. 82 வகைக் குண்டு, தயாரித்தது லாக்ஹீட் மார்ட்டின் என்று செய்தி வெளியிட்டது. முதலில் 'நியாயமான ராணுவ நடவடிக்கை' என்ற கூட்டுப்படை, செப்டம்பர் தொடக்கத்தில் தவறு நடந்ததை ஒப்புக்கொண்டது.

அதே செப்டம்பரில் ஃபார்ச்சூன் இதழ், வணிக உலகின் அதிகாரமிக்க பெண்கள் பட்டியலில் ஹியூசனுக்கு முதலிடம் கொடுத்தது.

அந்தக் குண்டு அந்தக் காலாண்டில் விற்றதல்ல, முன்பே விற்றது. நான் சொல்ல வந்ததும் அதுதான். ஆயுதக் கம்பெனியின் கணக்கில் குண்டின் வாழ்க்கை ஒப்பந்தத்தில் தொடங்கி, வேலை நடக்க நடக்க விற்பனையாகப் பதிவாகி, ஒப்படைத்த அன்று முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அது எங்கே விழுந்தது என்பதற்கு வரவுப் பத்தியும் இல்லை, செலவுப் பத்தியும் இல்லை. கம்பெனி கணக்கை மூடும் இடத்தில்தான் தஹ்யானின் தாய்மார்களுக்குக் கணக்கு தொடங்குகிறது. இன்னும் ஒப்படைக்காத ஆர்டர்களுக்கு மட்டும் தனி வரி உண்டு. அந்த ஆண்டு முடிவில் அது 13,050 கோடி டாலர். முதலீட்டாளர் அதை எதிர்காலத்தின் உறுதி என்று வாசிக்கிறார். நான் அதை எப்படி வாசிப்பது?

அக்டோபர் 23 அன்று முடிவுகளை வெளியிட்டபோது சவூதி விற்பனை பற்றிக் கேள்வி வந்தது. பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பெரும்பாலும் இவை அரசுக்கு அரசு நடக்கும் கொள்முதல்கள், அமெரிக்க அரசின் விதிப்படி நடக்கிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார் ஹியூசன். சட்டப்படி குற்றம் காண முடியாத பதில். அதைச் சொல்வதற்கு ஒரு பெண் எதற்கு? எந்த ஆணும் இதையேதான் சொல்லியிருப்பார்.

"ஆண் முதலாளிகளைக் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் மட்டும் கேட்கலாமா?" என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆண்களையும் கேட்கிறேன். ஆனால் எந்த ஆண் ஆயுத முதலாளியையும் பெண் விடுதலையின் அடையாளம் என்று யாரும் என் முன் நிறுத்தவில்லை. 2019 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐந்து பெரிய ராணுவத் தளவாட நிறுவனங்களில் மூன்றின் தலைமையிலும், போயிங்கின் ராணுவப் பிரிவுத் தலைமையிலும் பெண்கள் இருந்தார்கள். அதைப் பெண்களின் வெற்றி என்று ஊடகங்கள் எழுதின. குண்டு போடுகிறவர், விற்கிறவர், லாபம் பார்க்கிறவர் என்ற அமைப்பு அப்படியே இருக்க, நாற்காலியில் மட்டும் ஆள் மாறியிருக்கிறார். பிள்ளையைப் போருக்கு அனுப்பிப் பெருமைப்படும் மறக்குடித் தாயைப் போற்ற நம் இலக்கியம் மூதின்முல்லை என்று ஒரு துறையே வைத்திருக்கிறது. அன்று போரை ஆண்கள் நடத்தினார்கள், பெண்ணின் பெருமை அதற்குச் சான்றிதழாக நின்றது. இன்றும் நம்மிடம் கேட்கப்படுவது அந்தச் சான்றிதழைத்தான்.

நான் ஆண்டுதோறும் வகுப்பில் புறநானூற்றின் 112-ஆம் பாட்டை நடத்துகிறேன். பாரி மகளிரின் பாட்டு. ஒரு முழுநிலவு நாளில் இருந்த தந்தையும் மலையும் அடுத்த முழுநிலவு நாளில் இல்லை. காலாண்டு முடிவும் இப்படித்தான் அன்றையும் இன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. ஒன்றில் எவ்வளவு வந்தது என்ற கணக்கு, மற்றதில் எவ்வளவு போனது என்ற கணக்கு. போருக்கு இந்த இரண்டாவது கணக்கை எழுதி வைத்தவர்கள் தோற்ற பக்கத்துப் பெண்கள். என் பெண்ணிய மரபு அவர்களிடமிருந்துதான் வருகிறது.

இது எங்கோ அமெரிக்காவில் நடப்பது என்று ஒதுக்கவும் முடியாது. லாக்ஹீடின் சி-130ஜே விமானத்துக்கு வால்பகுதி ஹைதராபாத்தில், டாடாவுடனான கூட்டு நிறுவனத்தில் தயாராகிறது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகியவற்றை இணைத்து ராணுவத் தொழில் வழித்தடம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொழிற்சாலைகளில் என் மாணவிகளின் தங்கைகளுக்கு வேலை கிடைக்கும். முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கப்போகிற பெண்ணிடம் அந்த வேலைக்குப் போகாதே என்று சொல்ல, மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு உரிமையில்லை.

சொல்ல விரும்புவது வேறு. வேலை பாருங்கள். செய்த பொருள் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளிவரும்; தொழிற்சாலை மேசையிலோ வகுப்பறையிலோ உட்கார்ந்து அதைப் படியுங்கள். அதில் இல்லாத வரியை நீங்கள் எழுதுங்கள். ஒரு பெண் அந்தக் கம்பெனிக்குத் தலைவியாகிவிட்டாள் என்று யாராவது கைதட்டச் சொன்னால், தஹ்யான் பேருந்து எந்தப் பத்தியில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.