மழைக்குப் பயந்த அக்கா

அத்திம்பேர் காலமானபின், கனடாவில் ரிச்மண்டிலிருக்கும் என் அக்கா வெளியே தலைகாட்டுவதேயில்லை. சர்க்கரை வேறு ஏறிக்கொண்டே போயிற்று. நடக்கச் சொன்னால், "இந்த மழையிலே எங்கேடி நடக்கறது?" என்பாள். நான் போனபோது விடவில்லை. ஒலிம்பிக் ஓவலுக்கு இழுத்துப் போனேன்.

2010 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங் பந்தயம் நடந்த அரங்கம் அது. பந்தயம் முடிந்ததும் பூட்டிப் போடாமல், 400 மீட்டர் பனித்தளத்தை எடுத்துவிட்டு, ஊர் ஜனங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். கூடைப்பந்து, உடற்பயிற்சி, ஐஸ் ஹாக்கி, ஓடுபாதை எல்லாம் ஒரே கூரைக்குள்! அந்தக் கூரையில்கூட, வண்டு விழுந்து பட்டுப்போன பைன் மரப் பலகைகளைத்தான் பதித்திருக்கிறார்கள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "பட்ட மரத்தையும் வீணாக்கலை, பாரேன்" என்றாள். பேசாமல் நடக்க ஆரம்பித்தாள்.

இப்போது போனில் முதல் பேச்சே, "இன்னிக்கு அரைமணி நடந்தேண்டி!"