அம்மாவின் சம்பளச் சீட்டும் பிள்ளையின் கணக்குக் கொப்பியும்

மட்டக்குளியில் நான் தங்கியிருக்கும் அறையில் எட்டுப் பேர். ஆறு பேர் தோட்டத்துப் பிள்ளைகள், புறக்கோட்டைக் கடைகளில் வேலை. சாதாரண தரத்தில் எந்தப் பாடம் காலை வாரியது என்று ஒருநாள் கேட்டேன். ஐந்து பேர் "கணக்கு" என்றார்கள்.

இவர்கள் மக்குப் பிள்ளைகள் அல்ல. மூட்டை விலையைக் கிலோவுக்குப் பிரித்து, கழிவும் போட்டு, கல்குலேட்டர் தொடாமலே சொல்கிறார்கள். "எட்டாம் வகுப்பில் பாதி வருஷம் கணக்கு வாத்தியாரே இல்லை அண்ணே. அதற்குப் பிறகு ஒன்றும் விளங்கவில்லை" என்றான் ஒருவன்.

பரிசளிப்பு விழாக்களில் "படித்து டாக்டராக, எஞ்சினியராக வாருங்கள்" என்று பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். கடைசி வாங்கில் இருப்பவன் அதை வேறு யாருக்கோ சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறான்.

அவனிடம் அம்மாவின் சம்பளச் சீட்டைக் கொடுங்கள். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 25 நாளுக்கு 33,750. சேமலாப நிதிக்கு அம்மாவிடம் வெட்டும் 8 சதவீதம் 2,700 ரூபாய். கம்பனி போட வேண்டிய 12 சதவீதம் 4,050. நம்பிக்கை நிதிக்குக் கம்பனியின் 3 சதவீதம் 1,012 ரூபாய் 50 சதம். சீட்டில் அப்படித்தான் இருக்கிறதா? இதைப் பார்க்கத் தெரிந்தவன் சதவீதம் எதற்கு என்று கேட்கமாட்டான். கணக்கப்பிள்ளை எழுதியதே கணக்கு என்று அரைப்பேருக்கும் தலையாட்டிய காலம் நமக்குத் தெரியும்.

விஞ்ஞானமும் தொலைவில் இல்லை. ரோலரில் நசுங்கிய கொழுந்து செம்பு நிறமாவது ஏன்? வெட்டிய வாழைக்காய் கறுப்பது போலத்தான், காற்றிலுள்ள ஒட்சிசன் செய்கிற வேலை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில்தான் இருக்கிறது. அங்கே ஆய்வாளராகப் போவதும் நம் பிள்ளைகளுக்கு ஒரு தொழில் என்று வீட்டில் எத்தனை பேர் சொல்கிறோம்?

ஆனால் ஆர்வத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும்? பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களுக்கு மேலதிக ஒதுக்கீடு உண்டு. பக்கத்துப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பே இல்லாத பிள்ளைக்கு அதனால் பயனில்லை. சம்பளத்துக்கு மகஜர் கொடுக்கும் சங்கம், கணித ஆசிரியர் வெற்றிடங்களையும் அதே மகஜரில் எழுத வேண்டும். இதைக் கல்வித் திணைக்களத்தின் வேலை என்று தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் அறையில் இரண்டு பேர் மறுபடியும் கணக்குப் பாடம் எழுதப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவர்களுக்கு ஓய்வு. பழைய வினாத்தாள் வைத்திருப்பவர்கள் கிளைக் காரியாலயத்தில் கொடுத்துவிடுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.