பில்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்

தீபிகா படுகோன் தன் மனச்சோர்வைப் பற்றிப் பேசியதால் ஒன்றும் மாறவில்லை என்கிறவர்கள் என் கடையில் ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். தாலுகா ஆஸ்பத்திரிக்கு எதிரே மெடிக்கல் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் மனநல டாக்டர் எழுதிய சீட்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். "நரம்புக்கு எழுதியிருக்காரு" என்று மெதுவாகச் சொல்வார்கள். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் சீட்டை விரித்தே நீட்டுகிறார்கள். "அம்மாவுக்கு டிப்ரஷன்க்கா, ராத்திரி போடறது எது?" என்று நாலு பேர் இருக்கும்போதே கேட்கிறார்கள். 2015-இல் ஒரு பெரிய நடிகை தனக்கு மனச்சோர்வு வந்ததை மறைக்காமல் சொன்னதற்கு இதில் பங்கு உண்டு. அவருக்குப் பிறகு பேசிய விளையாட்டு வீரர்களுக்கும் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எனக்கிருக்கும் மனக்குறை வேறு. தீபிகா அப்போது பத்திரிகையில் சொன்னதில் ஒரு விவரம் வரும். போனில் அவர் குரலைக் கேட்டதும், அம்மாவின் தோழியான மனநல ஆலோசகர் பெங்களூரிலிருந்து மும்பைக்கு விமானம் ஏறி வந்துவிட்டார். வசதி இருந்தது, கிடைத்தது, அதை ஒளிக்காமல் சொன்னார். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அதற்குப் பிறகு பிரபலங்கள் கொடுக்கிற பேட்டிகளில் இந்த மாதிரி விவரங்கள் எல்லாம் உதிர்ந்துபோய், "தயங்காமல் உதவி கேளுங்கள்" என்பது மட்டும் மிஞ்சிவிட்டது. மொத்தம் எவ்வளவு செலவானது, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, அந்த நாட்களில் வீட்டை யார் ஓட்டினார்கள் என்று பேட்டி எடுப்பவரும் கேட்பதில்லை, கொடுப்பவரும் சொல்வதில்லை.

எங்கள் பக்கத்துக் கணக்கு இது. மனநல டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் குறிப்பிட்ட கிழமையில்தான் வருவார். அன்றைக்கு அவருக்கு வேறு டியூட்டி போட்டுவிட்டால் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, புறநகர் பஸ்ஸில் உண்டு. தனியாக அனுப்ப முடியாத நிலை என்றால் துணைக்கு ஒருவர். இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. பெங்களூர் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, சிகிச்சைக்கும் போக்குவரத்துக்கும் ஒரு குடும்பம் மாதம் சுமார் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழிக்கிறது என்று கண்டது. மனநோய்களின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே இல்லாமல் இருக்கிறார்கள் என்று சொன்னதும் அதே ஆய்வுதான்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை ஸ்டாக் இல்லாத நாட்களில் எங்களிடம் வருவார்கள். (சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என் வியாபாரத்தில் ஒரு பங்கு அந்தத் தட்டுப்பாட்டில்தான் ஓடுகிறது.) கட்டட வேலைக்குப் போகும் ஒரு பெண், "அக்கா, அஞ்சு மட்டும் குடுங்க, சனிக்கிழமை கூலி வாங்கிட்டு மீதி வாங்கிக்கறேன்" என்பார். பத்து மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டுவேன். காலாவதித் தேதி அச்சிட்ட பாதி என்னிடம் தங்கிவிடும், மருந்தின் பெயர் பாதியில் அறுந்த துண்டு அவரோடு போகும். எஸிடாலோபிராம் மாதிரி மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும். குமட்டலும் தலைவலியும் முதல் வாரமே வந்துவிடும். ஐந்து நாள் போட்டு, நாலு நாள் விட்டு, திரும்ப மூன்று நாள் போட்டால் தொந்தரவு மட்டும்தான் மிச்சம். "இது எனக்கு ஒத்துக்கலைக்கா" என்று நிறுத்திவிட்டார். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமெல்லாம் அவருக்கு இல்லை. அந்தச் சனிக்கிழமைக் கூலியில் பிள்ளையின் வேன் காசு முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. மற்ற நோய்களுக்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. பாலிசி வைத்திருப்பவர்களுக்குச் சந்தோஷம்.

2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். பேசியவர்கள் ஆறுதலாக இருந்தது என்கிறார்கள். மருந்து வேண்டியவர்களை டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். திரும்பவும் அதே பஸ்.

2021-இல் மாநில அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவுக்கு ஒழுங்காக வருகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாசலிலேயே கிடைக்கிறது. மனநோய் மாத்திரை அவர்கள் கொண்டுவரும் மருந்துப் பையில் இருந்து நான் பார்த்ததில்லை. டாக்டர் பார்த்து அளவு நிலைப்படுத்திய பிறகு, பெரும்பாலானவர்களுக்கு மாதாமாதம் அதே சீட்டுதான். அல்பிரஸோலம் போல நாங்கள் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் பாதுகாக்கிற மாத்திரைகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. மற்றவற்றை அந்தப் பையில் சேர்த்தால் மாதம் இரண்டு பேரின் கூலி மிச்சமாகும். அரசு இதை உடனே செய்யலாம்.

2025 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் தீபிகாவையே மனநலத் தூதராக நியமித்தது. பொருத்தமான ஆள்தான், அவருடைய அறக்கட்டளை கிராமங்களிலும் வேலை செய்கிறது. அவரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மேடையில் உங்கள் சிகிச்சைக்கு ஆன செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் அமைச்சர் இருந்தால், 18-ஆவது பிரிவின்படி இலவசமாக இருக்க வேண்டிய மாத்திரை இன்றைக்கு எந்தெந்த ஆஸ்பத்திரியில் இல்லை என்று மைக்கிலேயே கேளுங்கள். நாங்கள் எழுதிக் கேட்டால் பதில் வருவதில்லை. நீங்கள் கேட்டால் வரும்.