இங்கிலீஷே போதும் சார்

பஸ் திருவான்மியூரைத் தாண்டுவதற்குள் கைடு மைக்கைக் கையில் எடுத்துவிட்டார். நல்ல மனிதர், ஐம்பது வயது இருக்கும். "எல்லாருக்கும் வணக்கம். இங்கிலீஷ், ஹிந்தி ரெண்டுலயும் சொல்லிடுவேன். தமிழ்ல வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, தமிழ்லயும் சொல்றேன்" என்றார். முன் சீட்டிலிருந்து முதல் குரல் என்னுடையதுதான். "இங்கிலீஷே போதும் சார்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். பின்னால் இன்னும் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் இருந்தன என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒருவர் துபாயிலிருந்து லீவில் வந்தவர், இன்னொருவர் புனே. அவர்களும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக அம்மா உட்கார்ந்திருந்தாள். வயது 71. படிப்பு ஐந்தாம் வகுப்பு, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம்.

வைட்ஃபீல்டுக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. லிஃப்டில் இங்கிலீஷ், அபார்ட்மென்ட் மீட்டிங்கில் இங்கிலீஷ், பெண்ணின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், ஆணி பிடுங்கும் இடத்தில் கேட்கவே வேண்டாம். எதிரே மைக் வைத்திருப்பவர் யாரானாலும் நாக்கு தானாக அப்படித் திரும்பிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே வைட்ஃபீல்டில் அம்மாவுக்கு ஒரு மொழிப் பிரச்சினையும் கிடையாது. காடுகோடி மார்க்கெட்டில் அவள் தமிழில் கேட்பாள், கடைக்காரம்மா கன்னடத்தில் பதில் சொல்வார், கத்திரிக்காய் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறையும். கர்நாடகத்தில் வாயடிக்கும் அம்மாவைத் தமிழ்நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊமையாக்கிய பெருமை எனக்கு.

பள்ளி லீவுக்கு சென்னையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். மாமல்லபுரத்துக்குக் கார் எடுக்கலாம் என்றேன். தங்கமணிதான் "ஒரு நாளாவது ஸ்டியரிங்கை விட்டுட்டு எங்களோட உக்காந்து வாங்களேன்" என்று ஒரு நாள் டூர் பஸ்ஸில் டிக்கெட் போட்டாள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பல வருஷமாக நடத்துவது போன்ற டூர்தான், நாங்கள் போனது தனியார் வண்டி. காலையில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போய், மத்தியானம் சாப்பாடு போட்டு, இருட்டும்போது கொண்டுவந்து விடுவார்கள். முட்டி வலி இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். பஸ்ஸைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

கைடு நீலாங்கரை வரை பேசினார். பிறகு மைக்கை வைத்துவிட்டு டிவியைப் போட்டார். படம் ஓடியது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் போனது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உண்டாக்கிய இடம், கைவினைப் பொருட்கள் செய்து விற்றுத் தங்கள் ஓவிய வாழ்க்கையை நடத்திக்கொண்டவர்கள். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா போனது. 1996இல் திறந்தது. தென்னாட்டின் பழைய வீடுகளை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், அம்மா பிறந்த வீடு மாதிரியே திண்ணை வைத்த வீடு உட்பட. திருவிடந்தை போனது. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை வாங்கிச் சாத்தி வேண்டிக்கொள்ளும் நித்யகல்யாணப் பெருமாள் கோயில் அங்கேதான் இருக்கிறது. (மாமா பெண்ணுக்கு மூன்று வருஷமாக வரன் பார்க்கிறோம். அந்த இடத்தில் ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் அம்மா ஓடுகிற பஸ்ஸிலேயே கை கூப்பியிருப்பாள்.) வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை, அடுத்து நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலை. அத்தனையும் போனது. பஸ்ஸில் கதாநாயகன் பத்துப் பேரை அடித்துக்கொண்டிருந்தான்.

சாளுவன்குப்பம் வந்தபோது சத்தத்தைக் குறைத்து, இடது பக்கம் கையைக் காட்டி, இங்கிலீஷில் மூன்று வாக்கியம், ஹிந்தியில் இரண்டு வாக்கியம் சொன்னார். புலிக்குகை, சுனாமி, பழைய கோயில். நான் தலையாட்டினேன். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அர்ஜுனன் தபசு முன்னால் பன்னிரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட தொண்ணூறு அடி அகலப் பாறை, முழுக்கச் சிற்பம். தவம் செய்வது அர்ஜுனனா பகீரதனா என்ற பழைய வழக்கை கைடு இங்கிலீஷில் அழகாகவே எடுத்து வைத்தார், பிறகு ஹிந்தி. அம்மா கூட்டத்தை விட்டுத் தள்ளி, யானைக்குப் பக்கத்தில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று ஒரு சிரிப்பு.

"தம்பி, இங்க பாரு. பூனை கையைத் தூக்கிக்கிட்டு தவம் பண்ணுது. காலடியில எலி. ருத்திராட்சப் பூனைடா!"

நான் மாமல்லபுரத்துக்கு நாலாவது தடவை வருகிறேன். அந்தப் பூனையைப் பார்த்திருக்கிறேன், போட்டோகூட எடுத்திருக்கிறேன். தவசி வேஷம் போட்டு எலிகளை நம்ப வைத்துத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. அந்தக் கதையில் வரும் பூனைக்குத்தான் நம் ஊர்க்காரர்கள் ருத்திராட்ச மாலை போட்டுவிட்டு, எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் யாரையாவது திட்டப் பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை உறைக்கவில்லை. கைடு இங்கிலீஷில் "இந்தப் பூனையும் தியானம் செய்கிறது" என்று சொல்லிவிட்டு, வெண்ணெய் உருண்டைப் பாறை பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். தமிழில் பேசிக்கொண்டிருந்தால் அம்மா அங்கேயே அவருக்கு எடுத்துக் கொடுத்திருப்பாள், பஸ் முழுக்கச் சிரித்திருக்கும்.

கடற்கரைக் கோயிலுக்கு முக்கால் மணி நேரம். அங்கே அம்மா கல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாளோடு உட்கார்ந்துவிட்டாள். இவள் முறுக்கு கொடுத்தாள், அவர் ஏதோ மிட்டாய் கொடுத்தார். இவளுக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இருவரும் முட்டியைத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு அம்மா அதிகம் பேசியது அவரோடுதான்.

மறுநாள் ராத்திரி திரும்பி வரும் ரயிலில்தான் விஷயம் வெடித்தது. என் பெண் சொன்னாள்: "அப்பாயி, சுனாமி வந்தப்ப ஒரு முருகர் கோயில் வெளிய வந்துச்சாமே, கைடு அங்கிள் சொன்னாரே."

"எங்கடி?"

"நாம போன வழியிலதான். லெஃப்ட் சைடு காட்டினாரே."

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கே ஒரு பாறையில் மறைந்திருந்த கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறையினர் 2005இல் தோண்டினார்கள். பல்லவர் காலக் கோயிலின் அடித்தளம், அதற்கும் கீழே செங்கல்லால் கட்டிய இன்னும் பழைய முருகன் கோயில், முன்னால் கல்லால் ஆன வேல். கீழே இருக்கும் செங்கல் கோயில் சங்க காலத்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதையெல்லாம் நான் ரயிலில் அம்மாவுக்குச் சொன்னேன், கொஞ்சம் லேட்டாக. நாற்பது வருஷமாக சஷ்டி விரதம் இருப்பவள். "அந்த வழியாவே போயிட்டு வந்திருக்கேன். ஒரு கும்பிடு போட்டிருப்பேனே. முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி?" என்றாள். அதற்குப் பிறகு ஜோலார்பேட்டை வரை பேசவில்லை. இந்த முட்டியோடு இன்னொரு தடவை வருவாளா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு ஜப்பான் ஞாபகம் வந்தது. 2009இல் ஆபீஸ் வேலையாக யோகோஹாமாவில் ஏழு மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை கமகுரா, எனோஷிமா என்று சகாமி விரிகுடாவை ஒட்டி ஒரு நாள் பஸ் டூர் போனேன். இங்கிலீஷ் டூர் விலை அதிகம், அதனால் ஜப்பானிய மொழி டூரிலேயே சீட்டு வாங்கிவிட்டேன் (நம் புத்தி எங்கே போகும்). நாற்பது பேரில் நான் ஒருவன்தான் வெளியூர். வெள்ளைக் கையுறை, தொப்பி, கையில் சின்னக் கொடியோடு ஒரு பெண் கைடு. பஸ் நகர்ந்ததும் பேச ஆரம்பித்தவர் வாயை மூடவே இல்லை. பாலம் வந்தால் பாலத்தைப் பற்றி, மலை வந்தால் மலையைப் பற்றி, நடுவில் ஒரு பாட்டு. எல்லாரும் சிரிப்பார்கள், நான் அரை நொடி கழித்துச் சிரிப்பேன்.

இது அங்கே பழைய வழக்கம். 1928இல் பெப்பு என்ற கடலோர வெந்நீர் ஊற்று ஊரில் அபுராயா குமஹாச்சி என்ற ஹோட்டல்காரர், ஊற்றுகளைச் சுற்றிக் காட்டும் பஸ்களில் பெண் கைடுகளை ஏற்றினார். அவர்கள் ஊரைப் பற்றி ஏழும் ஐந்துமாக அசை எண்ணும் பாட்டு நடையில் சொல்லிக்கொண்டே போவார்களாம். இடம் வந்த பிறகு சொல்வதைவிட, போகிற வழியில் சொல்வதுதான் அங்கே கைடின் முக்கியமான வேலை.

கமகுராவில் பெரிய வெண்கல புத்தர் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார், 13ஆம் நூற்றாண்டுச் சிலை, உயரம் 11 மீட்டருக்கு மேல். ஏன் கூரை இல்லை என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்து சீட்டுத் தாத்தா என் முழியைப் பார்த்துவிட்டு, டூர் நோட்டீஸின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு மண்டபம் வரைந்தார், அதற்குள் புத்தர், பிறகு மண்டபத்தின் மேல் ஒரு பெரிய அலை, பிறகு மண்டபத்தின் மேல் ஒரு கோடு அடித்தார். பதினைந்தாம் நூற்றாண்டுக் கடைசியில் கடல் வந்து மண்டபத்தை அடித்துக்கொண்டு போனதாக அங்கே சொல்லப்படும் வரலாறு முழுவதும் நாலு கோட்டில் புரிந்துவிட்டது. முன்பின் தெரியாத ஆள் எனக்கு அதைச் செய்தார். என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் செல்போனில் போட்டோ சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே என் கருத்து இதுதான். பெங்களூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவுக்கு வந்து பெரியவர்களைக் கடற்கரை டூர் பஸ்ஸில் ஏற்றுகிறோம் என்றால், மொழி பற்றிய கேள்விக்கு நாம் பதில் சொல்லக் கூடாது. பதில் அவர்களுடையது. டிக்கெட் போடும்போதே தமிழில் சொல்வீர்களா என்று கேளுங்கள், பஸ்ஸில் ஏறியதும் இன்னொரு தடவை கேளுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து கேட்டால் எந்தக் கைடும் மறுக்க மாட்டார், எங்கள் கைடு கேட்டே விட்டாரே.

மூன்று மொழியில் சொன்னால் நேரம் எங்கே என்று தங்கமணி கேட்டாள். நியாயமான கேள்வி. பன்னிரண்டு நிமிஷத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு நாலு நிமிஷம், அதில் மகேந்திரனையும் நரசிம்மனையும் ராஜசிம்மனையும் அடைக்க முடியாது. ஆனால் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரம் முழுக்க மைக் சும்மா கிடந்தது. தமிழை அங்கே வைத்துக்கொள்ளலாம். படத்தை வீட்டில் பார்த்துக்கொள்வோம்.

செல்போனில் ஆப் இருக்கிறதே என்றார் அத்தான். அம்மாவின் காதில் அதை மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் வைத்திருக்கச் சொல்லுங்கள், நான் வேலையை விட்டுவிடுகிறேன். கார் எடுத்துக்கொண்டு போய் வாசலில் தனி கைடு பிடிக்கலாம் என்பது உண்மைதான், தமிழில் நன்றாகச் சொல்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். காரில் கல்கத்தா அம்மாள் இருக்க மாட்டார், அவ்வளவுதான் குறை.

அடுத்த லீவுக்கு கன்னியாகுமரி என்று முடிவாகியிருக்கிறது. போன வாரம் டூர்க்காரருக்குப் போன் போட்டேன். எத்தனை பேர், ஏசியா நான் ஏசியா, எல்லாம் கேட்டுவிட்டு "லாங்வேஜ் எது சார் ப்ரிஃபர் பண்றீங்க?" என்றார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"வணக்கம் தம்பி. தமிழ்லதானே சொல்லுவீங்க?" என்று ஆரம்பித்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. சுசீந்திரத்துக்கு நேரம் கொடுப்பார்களா, பஸ் படிக்கட்டு எத்தனை உயரம், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.