ஆளில்லாத ஹம்பி

ஹம்பிக்குப் போய்வருகிறவர்கள் காட்டும் புகைப்படங்களில் மனிதர்கள் அநேகமாக இருப்பதில்லை. விட்டலர் கோயில் கல்தேர், தாமரை மகால், யானைக் கொட்டில், துங்கபத்திரைக் கரையின் உருண்டைப் பாறைகள் என எல்லாவற்றிலும் ஒரே வெறுமை. சட்டகத்துக்குள் இளநீர்க்காரர் வந்துவிட்டால் அவர் விலகும்வரை காத்திருக்கிறோம். பாழ்நகரம் பாழாகவே தெரியவேண்டும் என்பது நம் ரசனையாகிவிட்டது. இந்த ரசனை குற்றமற்றதுதானா என்பதே நம் கேள்வி.

1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மெழுகு தோய்த்த தாளை நெகடிவாகக் கொண்டு இவ்விடங்களைப் படமெடுத்தார். கல்தேரின் மேல் அன்றிருந்த செங்கல் விமானத்தை அவருடைய படத்தில் பார்க்கலாம். இன்று அது இல்லை. 1980களில் ஆஸ்திரேலியரான ஜான் காலிங்ஸ் அதே கோணங்களில் மீண்டும் படமெடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்தால் எது சரிந்தது, எது செப்பனிடப்பட்டது என்பது துலங்குகிறது. புகைப்படம் ஆவணமாகும் தருணம் இது.

ஆனால் கிரீன்லாவின் தாளுக்கு ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும்; நடமாடுகிறவர்கள் அதில் தங்கமாட்டார்கள். அவர் படங்களின் வெறுமையில் கருவியின் இயலாமைக்கும் பங்குண்டு. நொடியின் சிறு துணுக்கில் படமெடுக்கும் நம் வெறுமையோ நாமாகத் தேர்ந்துகொண்டது.

1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் அரசவை பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்தது, தலைநகரம் சூறையாடப்பட்டது. இருந்தும் ஊர் முழுதாக அற்றுப்போகவில்லை. விருபாட்சர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. விஜயநகரக் காலத்துக் கால்வாய்கள் சில இன்றும் வயலுக்கும் வாழைத்தோப்புக்கும் நீர் பாய்ச்சுகின்றன. கைவிட்டுப் போனது அரசுதான், குடியானவர் அல்ல.

விருபாட்சர் கோயிலுக்கு எதிரே நீளும் கடைவீதியின் பழைய மண்டபங்களிலும் அண்மைக்காலம்வரை குடும்பங்கள் வாழ்ந்தன. கடைகளும் உணவகங்களும் இருந்தன. 2011 ஜூலையில் ஆக்கிரமிப்பு என்று சொல்லி அவற்றை இடித்தார்கள். மண்டபத் தூண்களுக்கிடையே சுவர் எழுப்பியதால் சின்னங்கள் கெட்டன என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இடத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும்தான். எனினும், கடைவீதியிலிருந்து கடைக்காரர்களை அகற்றிவிட்டு எஞ்சிய கல்வரிசையை வரலாறு என்று காட்டுவதில் ஒரு முரண் இருக்கிறது. இளநீர்க்காரர் விலகக் காத்திருக்கும் நம் கண்ணும் அந்த இடிப்பு இயந்திரமும் விரும்பிய காட்சி ஒன்றேதான்.

கல்தேரைப் படமெடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கால்வாயில் துணி துவைப்பவரும், மண்டப நிழலில் ஆடு மேய்ப்பவரும் படத்தில் இருக்கட்டும் என்கிறோம், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. நூறாண்டு கழித்து நம் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள், இங்கே எவருமே வாழவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.