கொன்றவனுக்கு வக்காலத்து

உள்ளூர் நிருபரை நம்பலாமா? கணவன் மனைவியைக் கொன்ற செய்தியில் பெயர், வயது, தெரு எல்லாம் சரியாகத்தான் எழுதுகிறார். தலைப்பில் 'கள்ளக்காதல்' என்கிறாரே, அதை அவருக்குச் சொன்னது யார்? கொன்றவன் போலீசிடம் சொன்னான். போலீஸ் நிருபரிடம் சொன்னது.

போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2023இல் வந்த புதிய சட்டமும் அதைக் கைவிடவில்லை. கொன்றவன்மீதே செல்லாத சொல், செத்தவள்மீது மட்டும் எப்படிச் செல்கிறது?

நிருபரின் சார்பை அளக்க நான் கேட்பது ஒன்றுதான்: அவளுடைய தாயிடமோ தோழியிடமோ ஒரு வார்த்தை விசாரித்தாரா? இல்லையென்றால் அவர் கொன்றவனுக்கு வக்காலத்து வாங்குகிறார், அவள் பெயரைப் போட்டே.