கூட வராத சிநேகிதி

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்கு ஏழு நாள் சோறு போட்டு வளர்க்க வேண்டும் என்பது முன்னாலேயே தெரிந்திருந்தால், நான் கொச்சிக்குப் புறப்படும்போது அந்தப் பொய்யைச் சொல்லியே இருக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். யாருக்கும் சமைக்காமல், யாரையும் பேட்டி காணாமல், கடலோரமாக ஓர் ஊரில் ஒரு வாரம் தன்னந்தனியாகச் சுற்றிவிட்டு வரவேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. முப்பத்தாறு வயதாகிறது. மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிறேன். பத்திரிகை வேலையாக எந்த ஊருக்கு வேண்டுமானாலும் ராத்திரி பஸ்ஸில் போய்விட்டு வருவேன். அதற்கு வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ஊர் பார்ப்பதற்காக மட்டும் தனியாகப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "ஆபீஸ் சிநேகிதி ஒருத்தியும் வருகிறாள், அம்மா" என்று சொல்லிவிட்டேன். பெயர்கூடச் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பெயருக்கு உரியவள் எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவள் வேறு.

முதல் ஐந்து நாட்கள் ஆனந்தமாகப் போயின. காலையில் புட்டும் கடலையும்; பிறகு கால் போன போக்கு. கடற்கரையில் சீன வலைகளுக்கு எதிரே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். ஆள் உயரத்தைப் போல் ஐந்தாறு மடங்கு உயரமான மரச் சட்டங்கள். அவற்றின் முனையில் ஊஞ்சல் மாதிரி தொங்கும் வலை. பின்பக்கம் கயிற்றில் வரிசையாகக் கட்டிய கனமான கற்கள். வலை தண்ணீருக்குள் இறங்கிச் சில நிமிஷம் இருக்கும். பிறகு ஐந்தாறு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தால் கற்கள் இறங்கும், வலை எழும்பும். இந்த வலைகளைச் சீனர்களே கொண்டு வந்தார்கள் என்பார்கள். இல்லை, போர்த்துகீசியர் மக்காவிலிருந்து கொண்டு வந்தார்கள் என்பவர்களும் உண்டு. யார் கொண்டு வந்தால் என்ன? நான் பார்த்த அன்று நாலு தடவை இறக்கியதில் ஒரு கைப்பிடி மீனும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் வந்தன.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோட காமாவைப் புதைத்த இடத்தைப் பார்த்தேன். 1524-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கொச்சியில் காலமானவர் அவர். பதினாலு வருஷத்துக்குப் பிறகுதான் உடலைப் போர்த்துகலுக்கு எடுத்துப் போனார்களாம். பதினாலு என்றதும் எனக்கு வனவாசக் கணக்குத்தான் ஞாபகம் வந்தது. மேலே நீளத் துணி விசிறிகள் தொங்குகின்றன. மின்சாரம் இல்லாத காலத்தில் வெளியே இருந்து ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, உள்ளே துரைமார்கள் காற்று வாங்கிக்கொண்டே ஜபம் செய்திருக்கிறார்கள்.

போகிற இடமெல்லாம் ஒரு கேள்வி. ஆட்டோக்காரர், டீக்கடைச் சேச்சி, தங்கியிருந்த வீட்டுக்காரர், எல்லோரும் கேட்டார்கள்: "ஒற்றைக்கோ?" தனியாகவா என்று அர்த்தம். "ஆமாம்" என்பேன். "ஆங்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். மலையாளத்தில் அந்தக் கேள்வி என்னை ஒன்றும் செய்யவில்லை.

இரவு ஒன்பது மணிக்குத்தான் கஷ்டம். அம்மாவிடமிருந்து போன் வரும். "சாப்பிட்டாயா? கதவைத் தாழ்ப்பாள் போட்டாயா? அவளிடம் கொடு, ஒரு வார்த்தை பேசுகிறேன்." முதல் நாள் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் தூங்கிவிட்டாள். மூன்றாம் நாளும் தூங்கிவிட்டாள். "ஒன்பது மணிக்கே இப்படித் தூங்குகிறாளே, ரத்த சோகையாக இருக்குமோ? பேரீச்சம்பழம் வாங்கிக் கொடு" என்றாள் அம்மா. அம்மாவிடம் இருப்பது முகம் காட்டாத பழைய பட்டன் போன். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

மீதி இருந்தவை இரண்டு நாட்கள், வெள்ளியும் சனியும். சனி ராத்திரி ரயில். மட்டாஞ்சேரி அரண்மனையையும் பரதேசி ஜெப ஆலயத்தையும் கடைசிக்கென்று வைத்திருந்தேன், இலையில் பாயசத்தை வைத்திருப்பது போல. வெள்ளிக்கிழமை காலை அரண்மனை வாசலுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை! பக்கத்துச் சந்திலேயே ஜெப ஆலயம். அதையாவது எட்டிப் பார்த்திருக்கலாம். வெயில் ஏறிவிட்டது, நாளைக்கு இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சமர்த்தாக முடிவு செய்து திரும்பினேன்.

ஊர் சுற்றலின் கடைசி நாட்களில் பெட்டியைத் திறந்தால் அழுக்குத் துணிதான் மேலே வரும். ரயிலுக்குக் கட்ட ஒரு நல்ல புடவை இல்லை. வீட்டுக்காரர், "தோபிகானாவுக்குப் போங்கள், அங்கே எல்லாரும் உங்கள் ஊர்க்காரர்கள்தான்" என்றார்.

ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்று ஓர் இடம். அங்கே இருக்கிறது இந்தச் சலவைக் கூடம். டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தது 1663-ல். தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ் நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை அவர்கள் அழைத்து வந்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லி வரும் சரித்திரம். டச்சுக்காரர் போனார்கள், இங்கிலீஷ்காரர் போனார்கள். வெளுக்கிறவர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். இப்போதுள்ள கூடம் 1976-ல் கட்டிக் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொட்டியும் கல்லும். அரிசிக் கஞ்சி வாசனையும் கரிப் புகை வாசனையும் கலந்து வந்தபோது, பாட்டி வீட்டுப் பின்கட்டில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

கொடியைப் பார்த்து அசந்து போனேன். அத்தனை துணிக்கும் ஒரு கிளிப் கிடையாது! இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிட்டால் சரி. கடல் காற்று எவ்வளவு அடித்தாலும் விடுவதில்லை. மொட்டை மாடியில் கிளிப் தேடி அலுத்த சகோதரிகள் செய்து பார்க்கலாம்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் என் புடவைகளைக் கொடுத்தேன். "எந்த ஊரும்மா?" என்றார். தமிழில்! ஆறு நாளுக்குப் பிறகு நேருக்கு நேர் தமிழ் கேட்ட சந்தோஷத்தில், "மெட்ராஸ்" என்றேன்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

பாருங்கள், இந்த ஆறு நாளும் பத்துப் பேரிடம் கூசாமல் 'தனியாகத்தான்' என்று சொன்னவள் நான். தமிழில் கேட்டதும் என் வாய் தானாக, "சிநேகிதி ஒருத்தி. ரூமில் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டது.

"அவங்க துணியும் இருந்தாக் கொண்டாங்கம்மா. சேர்த்தே போட்டுடறேன். காலையிலே ரெண்டு பேருதும் தயாரா இருக்கும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அறைக்குப் போய், பெட்டியின் அடியில் இருந்த இன்னும் இரண்டு கைத்தறிப் புடவைகளை எடுத்து வந்து, "இவை அவளுடையவை" என்று கொடுத்துவிட்டு வந்தேன். இல்லாத சிநேகிதிக்கு இஸ்திரிக் கூலி கொடுத்த முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். அன்று இரவு அம்மா போன் செய்தபோது, "அவள் துணிக்குப் போட்டு வாங்கப் போயிருக்கிறாள்" என்றேன். அது ஒன்றுதான் முக்கால்வாசி உண்மை.

மறுநாள் காலை போனேன். பெரியவர் நாலு புடவைகளையும் பலகை மேல் அடுக்கி வைத்திருந்தார். விறைப்பாக, மடிப்புக் கலையாமல், அப்பளம் போல. கூலியை எண்ணிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு புடவையாக முந்தானை ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். எங்கள் தெரு சலவைக்காரர் போடும் மசிக் குறி: ஒரு கோடு, இரண்டு புள்ளி. பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டுத் துணிக்கு அதே குறிதான்.

"நாலுலேயும் ஒரே குறி போட்டிருக்கும்மா" என்றார்.

எனக்குக் காது சுட்டது. ஆயிரம் புடவைகளில் இது இன்னார் வீட்டுப் புடவை என்று ஒரு கோட்டையும் புள்ளியையும் வைத்துக் கண்டுபிடிப்பதே தொழிலாக உள்ளவரிடம் போயா இந்தச் சாமர்த்தியத்தைக் காட்டினேன்! அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. நாலையும் ஒன்றாக அடுக்கி, பழைய செய்தித்தாளில் வைத்து, சணல் கயிற்றால் ஒரே கட்டாகக் கட்டி என் கையில் கொடுத்தார். "பத்திரமாப் போய் வாம்மா" என்றார். முதல் நாள் 'கொண்டாங்க' என்றவர், இப்போது 'வா' என்றார்.

அந்தக் கட்டோடுதான் அரண்மனைக்குப் போனேன். போர்த்துகீசியர் கட்டி, கொச்சி ராஜாவுக்குக் கொடுத்து, பின்னால் டச்சுக்காரர் பழுது பார்த்த கட்டடம் அது. அதனால் கட்டியவர்களை விட்டுவிட்டு 'டச்சு அரண்மனை' என்று பெயர்! ராஜாவின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுவதும் சித்திரமாக இருக்கிறது. தசரதரின் யாகத்தில் தொடங்கி அயோத்திக்குத் திரும்புவது வரைக்கும். காவியும் பச்சையும் மஞ்சளுமாக, ஓர் அங்குலம் இடம் விடாமல் எழுதியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் பெண்கள் அறையில் கோபியருக்கு நடுவே கிருஷ்ணன். அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் சமாதானப்படுத்தக் கைகள் போதாமல் அவர் கால்களையும் உபயோகப்படுத்துவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பினால் யாரும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு நாளும் பக்கத்தில் ஒரு சிநேகிதி வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த நிமிஷம் நான் திரும்பித் தேடியது அம்மாவைத்தான். அம்மா மட்டும் வந்திருந்தால் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு கதை சொல்லி, காவற்காரரையும் நிறுத்தி வைத்துக் கேட்க வைத்திருப்பாள். முழங்கால் வலி என்பதால் அவளைக் கூப்பிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை அல்ல. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள், அதனால்தான் கூப்பிடவில்லை.

ஜெப ஆலயத்துக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. சனிக்கிழமை! யூதர்களுக்கு ஓய்வு நாள் என்பது காலேஜில் சரித்திரம் படித்த எனக்கு ஞாபகம் வரவே இல்லை. 1568-ல் கட்டிய ஆலயம். உள்ளே தரையெல்லாம் சீனாவிலிருந்து வந்த, கையால் நீலச் சித்திரம் எழுதிய ஓடுகள். ஒன்றைப் போல் ஒன்று இராதாம். 1968-ல் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருக்கிறார்; தபால் தலையும் வெளியிட்டார்கள். நான் பார்த்தது வெளியே நிற்கும் 1760-ம் வருஷத்து மணிக்கூண்டை மட்டும்தான்.

அந்தத் தெருவில் ஒரு கடை. பூவேலை செய்த மேஜை விரிப்புகள், தொப்பிகள், ரொட்டிக்குப் போர்த்தும் துணிகள். ஸாரா கோஹன் என்ற அம்மாள் நடத்திய கடை இது. 1948-க்குப் பிறகு இந்தத் தெருக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போனார்கள். அவர் போகவில்லை. கணவர் காலமான பிறகும் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். முதுமையில் அவரைப் பெற்ற தாயைப் போல் பார்த்துக்கொண்டவர் பக்கத்தில் வளர்ந்த ஒரு முஸ்லிம். 2019-ல் தமது 96-வது வயதில் காலமானார். அவரிடமும் எத்தனை பேர் 'ஒற்றைக்கோ?' என்று கேட்டிருப்பார்களோ! அம்மாவுக்கென்று ஓரத்தில் பூவேலை செய்த ஒரு சிறிய துணி வாங்கினேன். ஒன்றே ஒன்றுதான் வாங்கினேன்.

சாயங்காலம் எர்ணாகுளத்துக்கு சர்க்கார் படகில் ஏறினேன். ஒரு பக்கம் வெல்லிங்டன் தீவு, துறைமுகத்துக்காகக் கடலைத் தோண்டிய மண்ணைக் கொட்டி மனிதர்கள் உண்டாக்கிய தீவு. ஒன்பது மணி வரைக்கும் காத்திருக்க மனமில்லாமல் நானே போன் செய்தேன்.

"அம்மா, அவள் வரவில்லை."

"எங்கே வரவில்லை? ரயிலடிக்கா?"

"கொச்சிக்கே வரவில்லை. நான் தனியாகத்தான் வந்தேன்."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. படகு பாதி தூரம் கடந்திருக்கும். சிக்னல் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"அட ராமா! நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக வந்து சேரவேண்டும் என்று பிள்ளையாருக்கு இருபத்திரண்டு ரூபாய் முடிந்து வைத்திருக்கிறேனே. ஆளுக்குப் பதினொன்று. அவள் பங்கை இப்போது என்ன செய்கிறது?"

"அதை நீ வைத்துக்கொள், அம்மா. அடுத்த வருஷம் உனக்கு வேண்டியிருக்கும்."

"எனக்கு எதற்கு?"

"ராமாயணம் பூராவும் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். படி ஏறவேண்டும். மெதுவாக ஏறலாம்."

மறுபடியும் சத்தம் இல்லை. பிறகு, "வெள்ளிக்கிழமை பார்த்துப் போகலாம்; நல்ல நாள்" என்றாள்.

"வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அம்மா."